சைக்கிள் பந்தயத்தில் 'கால் நின்றுபோவது' ஏன்? வயிற்றில் தொடங்கும் சோர்வும், பட்டினியைத் திறமை என்று நம்பும் விளையாட்டும்

2023 ஜூலை 19. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 17-வது கட்டம். ஆல்ப்ஸ் மலையில் 2,304 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோல் டி லா லோஸ் கணவாயை நோக்கி வீரர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். 2020, 2021 ஆண்டுகளில் பட்டம் வென்ற ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சர் முன்னணிக் கூட்டத்திலிருந்து திடீரென்று நழுவினார். முகம் வெளிறிவிட்டது, சட்டை ஜிப் தொப்புள் வரை திறந்து கிடந்தது. 'என் கதை முடிந்தது, செத்தேன்' என்ற பொருளில் அவர் அணியின் ரேடியோவில் சொன்னது நேரலையில் உலகம் முழுக்கக் கேட்டது. அன்று மட்டும் டென்மார்க்கின் யோனாஸ் விங்ககோரிடம் அவர் இழந்தது 5 நிமிடம் 45 விநாடி. மூன்று வாரப் போட்டி அந்த ஒரு ஏற்றத்திலேயே முடிந்துபோனது.

பிறகு அவர் சொன்ன விளக்கம்தான் கவனிக்க வேண்டியது. அன்று நிறையச் சாப்பிட்டதாகவும், ஆனால் எதுவும் காலுக்குப் போய்ச் சேராமல் வயிற்றிலேயே தங்கிவிட்டதாகவும் சொன்னார். அன்றைய கட்டத்தின் தொடக்கத்தில் அவர் கீழே விழுந்திருந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் மணிக்கட்டு எலும்பு முறிந்து, பயிற்சியும் தடைபட்டிருந்தது. ஆக, பழியை உணவின்மேல் மட்டும் போட முடியாது. இருந்தாலும் உலகின் மிகச் சிறந்த வீரர் ஒருவரையே நடுவழியில் நிறுத்திவிடும் அளவுக்கு இந்த விளையாட்டில் வயிறு முக்கியம் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ஃபிரான்கால்' என்பார்கள், அகோரப் பசி என்று பொருள். ஐரோப்பிய வீரர்களிடம் 'சுத்தியல்காரன் வந்துவிட்டான்' என்ற பேச்சும் உண்டு. சாலை ஓரத்தில் ஒருவன் சுத்தியலோடு ஒளிந்திருந்து மண்டையில் ஒரு போடு போடுவானாம். ஆங்கிலத்தில் 'பாங்க்'. பெயர் எதுவானாலும் அறிகுறிகள் ஒன்றுதான்: கால் ஈயமாகக் கனக்கும், கை நடுங்கும், குளிர் வேர்வை வரும், கண் மங்கும், எரிச்சலும் அழுகையும் வரும். சிலருக்கு எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதே குழம்பும்.

இருப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு?

கணக்கு ரொம்ப எளிது. உடலில் இரண்டு வகை எரிபொருள் இருக்கிறது. ஒன்று கொழுப்பு. எலும்பும் தோலுமாகத் தெரிகிற 65 கிலோ வீரரிடம்கூட ஐந்து கிலோ கொழுப்பு இருக்கும். அதன் ஆற்றல் 40,000 கிலோகலோரிக்குக் குறையாது. இன்னொன்று மாவுச்சத்து. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற வடிவில் அது சேமித்து வைக்கப்படுகிறது. தசையில் 400, 500 கிராம், கல்லீரலில் 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், கிராமுக்கு 4 கிலோகலோரி வீதம் மொத்தம் 2,000-ஐச் சற்றுத் தாண்டும். அவ்வளவுதான்.

கொழுப்பு நிலபுலன் மாதிரி. ஏக்கர் கணக்கில் இருக்கலாம், ஆனால் டீக்கடையில் கொடுக்கச் சட்டைப்பையில் சில்லறை வேண்டும். மெதுவாக மிதிக்கும்போது உடல் கொழுப்பை நிதானமாக எரித்துக்கொள்ளும். மலை ஏறும்போதோ எதிராளி வேகத்தைக் கூட்டும்போதோ அது சரிப்படாது. கொழுப்பிலிருந்து ஆற்றல் எடுக்க ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும், நேரமும் வேண்டும். அந்த நேரத்தில் தசை கேட்பது மாவுச்சத்தைத்தான்.

ஒரு வீரர் ஒரு மணி நேரம் சராசரியாக 300 வாட் திறனில் மிதித்தால் உடல் செலவழிப்பது சுமார் 1,100 கிலோகலோரி. மனித உடல் அவ்வளவு சிக்கனமான எந்திரம் அல்ல. எரிப்பதில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது, மீதியெல்லாம் வெப்பம். இந்த வேகத்தில் 2,000 கிலோகலோரி சேமிப்பு எத்தனை மணி நேரம் தாங்கும்? கொழுப்பும் கைகொடுப்பதால் இரண்டு, மூன்று மணி நேரம் ஓடும். டூர் பந்தயத்தின் மலைக் கட்டமோ ஐந்து மணி நேரம். அடுத்த நாளும் உண்டு, அதற்கடுத்த நாளும் உண்டு. மொத்தம் 21 கட்டங்கள்.

1988 டூரில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஐந்து வீரர்களைத் தொடர்ந்து அளந்தார்கள். ஒரு நாள் சராசரி உணவு சுமார் 5,900 கிலோகலோரி, செலவு சுமார் 6,000. கடினமான மலை நாளில் செலவு 7,800 வரை போனது. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவரின் மூன்று நாள் சாப்பாடு அது. அதில் பாதியளவு உணவு, வேளைச் சாப்பாட்டில் இல்லாமல் இடையிடையே, பெரும்பாலும் சைக்கிள் மேலேயே உள்ளே போனது.

ஒரே சைக்கிளில் இரண்டு விஞ்ஞானிகள்

மாவுச்சத்துதான் முக்கியம் என்பது எப்படித் தெரிந்தது? 1960-கள் வரை இது பாதி அனுபவம், பாதி நம்பிக்கை. தீர்த்துவைத்தவர்கள் ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள். ஊசியால் தொடைத் தசையிலிருந்து துளி எடுத்துச் சோதிக்கும் முறையைக் கையில் வைத்திருந்தார்கள். 1966-ல் வெளியான ஆய்வுக்கு அவர்களே சோதனை எலிகள். ஒரே உடற்பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் இனி முடியாது என்கிற வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த உணவு. சோதித்தால், சும்மா இருந்த காலில் பெரிய மாற்றம் இல்லை. மிதித்துக் காலியான காலில் கிளைகோஜன் முன்பு இருந்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்ந்திருந்தது.

மறு ஆண்டு அதே குழுவினர் ஒரே ஆட்களுக்கு மூன்று விதமான உணவு கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பும் புரதமும் மட்டும் தின்றவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் கைவிட்டார்கள். கலப்பு உணவுக்காரர்கள் இரண்டு மணி நேரத்தை நெருங்கினார்கள். மாவுச்சத்துக்காரர்கள் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கினார்கள். ஆள் அதே ஆள், கால் அதே கால். மாறியது தட்டு மட்டும்தான்.

அப்படியானால் பேலியோ, கீட்டோ என்று மாவுச்சத்தை ஒதுக்கி நன்றாக இருக்கிறவர்கள் எல்லாம்? எடைக்கோ சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கோ அது உதவுகிறதா என்பது வேறு விவாதம். உச்ச வேகப் பந்தயத்தில் பதில் தெளிவாகவே வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் லூயிஸ் பர்க் தலைமையிலான குழு உலகத் தரமான நடைப்பந்தய வீரர்களை மூன்று வாரம் கீட்டோ உணவில் வைத்துப் பார்த்தது. 2017-ல் முடிவு வெளியானது. உடல் கொழுப்பை எரிப்பதில் தேர்ச்சி பெற்றது உண்மை. ஆனால் அதே வேகத்தில் நடக்க அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது. மற்ற உணவு முறைகளில் இருந்தவர்கள் போட்டி நேரத்தில் முன்னேறியபோது இவர்கள் முன்னேறவில்லை.

வயிற்றின் வாசல்

சேமிப்பு குறைவு என்றால் வழியில் சாப்பிட்டு ஈடுகட்ட வேண்டியதுதானே? அங்கேதான் அடுத்த தடை. வாயில் போடுவதெல்லாம் ரத்தத்துக்குப் போய்விடாது. சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸை உள்ளே விடும் வாசல் மணிக்குச் சுமார் 60 கிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அதற்குமேல் போனால் கூட்டம் வெளியே நிற்கும்: வயிறு உப்பும், குமட்டும், சில நேரம் புதருக்குள் ஓட வேண்டியதுதான்.

பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அஸ்கர் யூகெண்ட்ரப் குழு இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு சுற்றுவழியை உறுதிப்படுத்தியது. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்குக் குடலில் தனி வாசல். குளுக்கோஸ் இரண்டு பங்கு, ஃபிரக்டோஸ் ஒரு பங்கு என்று கலந்து கொடுத்தால் இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். மணிக்கு 90 கிராம் வரை எட்டலாம். இன்று கடையில் விற்கும் ஜெல் பாக்கெட் பலவற்றின் அடிப்படை இந்தக் கண்டுபிடிப்புதான். கரும்புச் சர்க்கரையிலேயே இரண்டும் சரிபாதி இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெல் பாக்கெட்டின் விலையில் பெரும்பங்கு பாக்கெட்டுக்கும் விளம்பரத்துக்கும்தான்.

கடந்த சில ஆண்டுகளில் தொழில்முறை அணிகள் மணிக்கு 120 கிராமுக்குப் போய்விட்டன. 120 கிராம் என்றால் 24 டீஸ்பூன் சர்க்கரை. அல்லது நாலைந்து வாழைப்பழம். ஐந்து மணி நேரத்துக்கு ஒவ்வொரு மணி நேரமும் அவ்வளவு! இதற்காகக் குடலையும் பழக்குகிறார்கள். கால்களுக்குப் பயிற்சி மாதிரி, பயிற்சி நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டிக்கொண்டே போனால் வயிற்று உபாதை குறைவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இவ்வளவும் இனிப்பாகவே இருந்தால் நாக்கு மறுத்துவிடும் என்பதால் ஜெல்லோடு அரிசி கேக்கும் சட்டைப் பையில் இருக்கும். சோற்றைக் குழைய வேகவைத்து, சர்க்கரையோ பாலாடையோ சேர்த்து அழுத்தி, துண்டு போட்டுத் தாளில் சுற்றியது. பிரான்ஸின் பெருமைக்குரிய பந்தயம் பாதி சோற்றில்தான் ஓடுகிறது. காலையிலும் இரவிலும்கூடப் பல அணிகளின் தட்டில் சோறுதான்.

இந்த 120 கிராம் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. 2022-ல் வெளியான ஓர் ஆய்வில் 120 கிராம் குடித்தவர்கள், 90 கிராம் குடித்தவர்களைவிட வெளியிலிருந்து வந்த சர்க்கரையை அதிகம் எரித்தது உண்மை. ஆனால் உடலின் சொந்தச் சேமிப்பு அதனால் மிச்சமாகவில்லை. ஆய்வகம் ஒன்று சொல்ல, அணிகள் அனுபவத்தை வைத்து வேறொன்றைச் செய்கின்றன. சமீப ஆண்டுகளில் மலையேற்ற நேரங்கள் பழைய சாதனைகளை உடைக்கும்போதெல்லாம் 'மாவுச்சத்துதான் காரணம்' என்று அணிகள் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. மேம்பட்ட சைக்கிள், காற்றைக் கிழிக்கும் உடை, உயர்மலைப் பயிற்சி எல்லாம் சேர்ந்த பலன் அது. ஊக்கமருந்து வரலாறு இவ்வளவு நீளமாக உள்ள ஒரு விளையாட்டில், ஒற்றைக் காரணத்தைக் கேட்கிறவர் சந்தேகத்தோடு கேட்பதும் தப்பில்லை.

ஐந்தாம் மணி நேரத்தில் யார் பலசாலி என்பதே இப்போது அணிகளின் பெரிய கேள்வி. காலையில் புத்துணர்ச்சியோடு 400 வாட் மிதிப்பவர்கள் பலர். நாலு மணி நேரம் ஓட்டிய பிறகும் அதே 400 வாட்டைத் தருகிறவர்கள் சிலர்தான். 'டியூரபிலிட்டி', அதாவது தாக்குப்பிடிக்கும் திறன் என்று இதைச் சொல்கிறார்கள். அதில் பெரும்பங்கு பயிற்சி. மீதியில் கணிசமானது முதல் மணி நேரத்திலிருந்தே பசிக்காவிட்டாலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒழுக்கம். பசித்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

2013-ல் கிறிஸ் ஃப்ரூம் இந்தப் பாடத்தைத் தண்டனையோடு கற்றார். ஆல்ப் டுவெஸ் ஏற்றத்தின் கடைசிக் கிலோமீட்டர்களில் உடம்பில் சர்க்கரை வற்றிப்போக, சக வீரர் ரிச்சி போர்ட் பின்னால் போய் அணியின் காரிலிருந்து ஜெல் வாங்கி வந்து கொடுத்தார். அந்தத் தூரத்தில் காரிலிருந்து உணவு வாங்கக் கூடாது என்பது விதி. 20 விநாடி தண்டனை. ஃப்ரூம் ஏற்றுக்கொண்டு சாப்பிட்டார், டூரையும் வென்றார். சாப்பிடாமல் இருந்திருந்தால் இழப்பு 20 விநாடியோடு நின்றிருக்காது.

சோர்வு காலிலா, தலையிலா?

இதில் மூளையின் பங்கு விசித்திரமானது. 2004-ல் பர்மிங்ஹாம் குழுவினர் ஒரு மணி நேர சைக்கிள் சோதனையில் வீரர்களுக்கு இனிப்பே தெரியாத மாவுச்சத்துக் கரைசலைக் கொடுத்து, கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு சொட்டுகூட விழுங்கவில்லை. ஆனாலும் வெறும் தண்ணீர் கொப்பளித்ததைவிட ஏறக்குறைய 3 சதவீதம் வேகமாக முடித்தார்கள். இன்னொரு சோதனையில் குளுக்கோஸை நேரடியாக ரத்தத்தில் ஏற்றினார்கள். எரிபொருள் தாராளமாக இருந்தும் வேகம் கூடவில்லை! 2009-ல் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, வாயில் மாவுச்சத்து பட்டதும் பரிசு, ஊக்கம் தொடர்பான பகுதிகள் விழிப்பது தெரிந்தது. 'சாப்பாடு வருது' என்று நாக்கு சேதி அனுப்ப, மூளை பிடித்துவைத்திருந்த கடிவாளத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறது போலும்.

சோர்வு என்பது தொட்டியில் எண்ணெய் தீர்ந்த கதை மட்டுமல்ல என்று இதிலிருந்து புரியும். ரத்தத்தில் சர்க்கரை இறங்குவதை மூளை முன்கூட்டியே கவனித்து, காலை அடக்குகிறது. வெப்பம், நீரிழப்பு, தூக்கமின்மை எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். காஃபீன் வேலை செய்வதும் இதே இடத்தில்தான். 2004 வரை ஓரளவுக்குமேல் தடை செய்யப்பட்டிருந்த அது இப்போது தடையில் இல்லை. கடைசி மணி நேரத்தில் பல வீரர்கள் எடுக்கும் ஜெல்லில் காஃபீன் இருக்கும்.

'மன உறுதி இருந்தால் போதும்' என்று ஒரு காலம் இருந்தது. அதன் விலையும் பதிவாகியிருக்கிறது. 1967 ஜூலை 13 அன்று, கொளுத்தும் வெயிலில் மோன் வான்டூ மலையின் உச்சிக்குச் சற்று முன்னால் பிரிட்டனின் டாம் சிம்ப்சன் விழுந்து இறந்தார். வயது 29. உடலில் ஆம்ஃபெட்டமைனும் மதுவும் இருந்தன. வயிற்று உபாதையோடுதான் அவர் அந்த வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைய விதிப்படி ஒரு வீரருக்கு ஒரு நாளைக்கு நாலு பாட்டில், சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர்தான். அவர் மரணத்தைப் பேசும்போது எல்லோரும் மருந்தைப் பேசுவார்கள். தண்ணீருக்கு அளவு வைத்த அமைப்பாளர்களைப் பேசுகிறவர்கள் குறைவு. உடலின் எச்சரிக்கை மணியை ஆம்ஃபெட்டமைன் அணைத்தது. அந்த மணி அடிப்பதற்கான காரணங்களில் ஒன்றை விதியே உண்டாக்கி வைத்திருந்தது.

குறைவாகச் சாப்பிடு, வேகமாகப் போ?

இவ்வளவு அறிவியலும் கையில் இருக்கும்போது, இன்றைக்கும் இந்த விளையாட்டில் பட்டினி குறையவில்லை. காரணம் இன்னொரு கணக்கு. மலையேற்றத்தில் யார் எத்தனை வாட் தருகிறார் என்பதைவிட, கிலோ எடைக்கு எத்தனை வாட் என்பதுதான் எடுபடும். 60 கிலோ வீரர் 360 வாட் மிதித்தால் கிலோவுக்கு 6 வாட். வேறெதையும் மாற்றாமல் 58 கிலோவுக்கு இறங்கினால் 6.2. பயிற்சியால் அந்த 0.2 வர மாதங்கள் ஆகலாம். பட்டினியால் மூன்றே வாரத்தில் வரும். ஆசை வராமல் என்ன செய்யும்?

பட்டினியில் தசையும் கரைந்து, பயிற்சிக்கு ஈடு கொடுக்க முடியாமல் 360 வாட் 340-ஆகிவிட்டால், 58 கிலோவில் கணக்கு 5.86-க்கு இறங்கிவிடும். இந்த இரண்டாம் பாதியைப் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. காரணம், அது உடனே தெரியாது. முதல் சில வாரங்கள் எடை குறைந்து, நேரம் மேம்பட்டு, பயிற்சியாளர் தட்டிக்கொடுத்து, எல்லாம் சரியாகப் போவதுபோலவே இருக்கும். சேதம் பிறகுதான் வரும்.

அந்தச் சேதத்துக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு 2014-ல் ஒரு பெயர் வைத்தது. சுருக்கமாக 'ரெட்-எஸ்'. பயிற்சிக்குச் செலவானது போக, உயிர் வாழும் அன்றாட வேலைகளுக்கு உடலில் போதிய ஆற்றல் மிஞ்சாத நிலை. உடல் அப்போது கடையை ஒவ்வொரு பகுதியாக மூடத் தொடங்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் இறங்கும். எலும்பு மெலியும், சளிக் காய்ச்சல் அடிக்கடி வரும், காயம் ஆறாது, மனம் சோரும். சைக்கிள் வீரர்களுக்கு எலும்புதான் கூடுதல் கவலை. ஓட்டத்திலோ குதிப்பதிலோ கிடைக்கும் அதிர்வு சைக்கிளில் எலும்புக்குக் கிடைப்பதில்லை. ஏற்கெனவே அடர்த்தி குறைவு. அந்த எலும்போடு மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் மலையிறங்குகிறார்கள்.

மாதவிலக்கு நிற்பதை 'கடுமையாகப் பயிற்சி செய்கிறோம், அப்படித்தான் ஆகும்' என்று வீராங்கனைகளே சாதாரணமாக எடுத்துக்கொள்வதுதான் இதில் பெரிய ஆபத்து. அது உடல் அனுப்பும் முதல் புகார் மனு. வாங்கி வைக்க வேண்டியவர்கள் பயிற்சியாளரும் அணி மருத்துவரும்.

2025-ல் பெண்கள் டூர் டி பிரான்ஸை பிரான்ஸின் பாலின் ஃபெரான்-பிரேவோ வென்றபோது, வெற்றியைவிட அவர் எடையே அதிகம் பேசப்பட்டது. ஏப்ரலில் பாரி-ரூபே பந்தயத்தை வென்றபோது இருந்ததைவிட அவர் சுமார் 4 கிலோ குறைந்திருந்தார். மலைக்காகத் திட்டமிட்டுக் குறைத்ததாகவும், இது ஆண்டு முழுக்க வைத்திருக்கும் எடை அல்ல என்றும் அவரே ஒளிக்காமல் சொன்னார். இரண்டாவதாக வந்த டெமி வோலரிங், மிக மெலிந்த உடலைத் துரத்திப் போக விருப்பமில்லை என்ற பொருளில் எழுதினார். இதில் ஃபெரான்-பிரேவோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. வயது 33, கையில் ஒலிம்பிக் தங்கம், சுற்றிலும் மருத்துவர், உணவு ஆலோசகர். அவர் எடுத்த முடிவு அவருடையது. ஆனால் தொலைக்காட்சியில் அதைப் பார்க்கும் 16 வயதுப் பெண்ணிடம் ஆலோசகர் இல்லை. அவள் பார்ப்பது குறைந்த அந்த நாலு கிலோவை மட்டும்தான்.

ஆண்களும் தப்பவில்லை, பேசியவர்கள் குறைவு என்பதுதான் வித்தியாசம். 2010-ல் டோஃபினே பந்தயத்தை வென்ற ஸ்லோவேனியாவின் யானெஸ் பிராய்கோவிச், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 10 மாதத் தடை பெற்றார். தனக்கு நீண்ட காலமாக உணவுக் கோளாறு இருந்தது, உணவுக்குப் பதில் எடுத்த மாற்றுத் தூளிலிருந்து அந்தப் பொருள் வந்தது என்று 2019-ல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அது வரை சொல்ல இடம் இல்லை.

எதிர்த்திசையிலும் ஓர் ஆள் உண்டு. நார்வேயின் யோனாஸ் ஆப்ரஹாம்சன், இளம் வயதில் 60 கிலோவில் ஒரு மலையேற்ற வீரராகத் தன்னை நினைத்துக்கொண்டு உணவை இறுக்கிப் பிடித்தவர். உடலின் இயல்பான வளர்ச்சியே அதனால் தடைபட்டதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு மருத்துவ ஆலோசனையோடு வயிறாரச் சாப்பிடத் தொடங்கி, ஏறக்குறைய 20 கிலோ கூடினார். பலமும் கூடியது. 2024 டூரில் பல நாட்கள் மலை வீரருக்கான புள்ளிச் சட்டையை அணிந்தார். 2025-ல் துலூஸ் நகரில் முடிந்த கட்டத்தை வென்றார், அதுவும் சில வாரங்களுக்கு முன்புதான் காறை எலும்பு முறிந்த நிலையில். எல்லோரும் 20 கிலோ கூட்டினால் வெற்றி வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. தன் உடலுக்குப் பொருந்தாத எடையில் அவர் அத்தனை ஆண்டுகள் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதுதான் விஷயம்.

வார இறுதியில் ஓட்டுகிறவர்கள்

தொழில்முறை வீரரின் தட்டு மற்றவர்களுக்கு அப்படியே பொருந்தாது. அதிகாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறவருக்கு ஜெல் எதுவும் தேவையில்லை. முந்தின நாள் இரவுச் சாப்பாடே போதும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது நடைமுறைக்கு ஏற்ற அளவு: ஒன்றிரண்டு வாழைப்பழம், கொஞ்சம் கடலை மிட்டாய். 200 கி.மீ. பிரவே ஓட்டுகிறவர்கள் முதல் மணி நேரத்திலிருந்தே இதைத் தொடங்க வேண்டும், தண்ணீரோடு உப்பும் சேர வேண்டும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்து ரத்தத்தில் சோடியம் சரிவதும் ஆபத்துதான். நீரிழிவுக்காக இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் நீண்ட தூரம் போகும் முன் மருத்துவரைக் கேட்காமல் எந்த அளவையும் பின்பற்றக் கூடாது. அவர்களுக்குச் சர்க்கரை ஏறுவது ஒரு பிரச்சினை என்றால், நடுவழியில் தாழ்ந்துபோவது அதைவிட அவசரமான பிரச்சினை.

விதி எங்கே?

மெலிவதைப் பரிசாக்கும் விளையாட்டு சைக்கிள் மட்டுமல்ல. ஸ்கை ஜம்பிங்கில் எடை குறைந்தால் அதிக தூரம் பறக்கலாம். வீரர்கள் எலும்புக்கூடாகிக்கொண்டே போனதைப் பார்த்து, 2004-ல் சம்மேளனம் ஒரு விதி கொண்டுவந்தது: உடல் எடைக் குறியீடு ஓர் அளவுக்குக் கீழே போனால் பயன்படுத்தும் பனிச்சறுக்குக் கட்டையின் நீளத்தைக் குறைக்க வேண்டும். அதாவது மெலிந்து பெற்ற லாபத்தை விதி திருப்பி எடுத்துக்கொள்ளும். எடைக் குறியீடு முரட்டுத்தனமான அளவுகோல்தான், ஓட்டைகளும் இருக்கின்றன. இருந்தாலும் அது ஒரு விதி. ஸ்போர்ட் கிளைம்பிங் சம்மேளனமும் 2024-ல் ரெட்-எஸ் குறித்துத் தனிக் கொள்கை வகுத்து, வீரர்களின் உடல்நிலையை நாட்டுச் சங்கங்கள் உறுதிப்படுத்த வேண்டும் என்றது.

சைக்கிளில் மட்டும் ஏன் தயக்கம்? சாக்ஸ் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதற்கு இந்த விளையாட்டில் விதி இருக்கிறது. சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று இரண்டாயிரத்திலிருந்து விதி இருக்கிறது. இளையோர் முழங்காலைக் காப்பாற்றக் கனமான கியர்களுக்குப் பல ஆண்டுகள் தடை இருந்தது. 2023-ல்தான் அது நீக்கப்பட்டது. ஓட்டுகிற ஆள் எவ்வளவு குறையலாம் என்பதைப் பற்றி அப்படி எதுவும் இல்லை.

முன்னணி அணிகளின் வீரர்களுக்கு இப்போதே மருத்துவப் பரிசோதனைகள் கட்டாயம். அதோடு எலும்பு அடர்த்திச் சோதனையையும் ஹார்மோன் அளவுகளையும் சேர்த்து, ஓர் எல்லைக்குக் கீழே போனவரை உடல் தேறும் வரை ஓய்வில் வைக்கலாம். தண்டனையாக அல்ல, தலையில் அடிபட்டவரைப் போட்டியிலிருந்து விலக்கிவைக்கும் அதே முறையில். முன்னணி அணிகளுக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டல்ல. செலவும் கண்காணிப்பும் எட்டாத இடம் இளையோர் பிரிவு. 17 வயதுப் பையனைத் தராசில் ஏற்றி, எண்ணை மற்றவர்கள் முன் உரக்கப் படிக்கும் பயிற்சியாளருக்கு எதிராக அந்தப் பையன் யாரிடம் போய்ச் சொல்வான் என்பதற்கு எந்தச் சங்கத்திடமும் இன்று தெளிவான பதில் இல்லை. முதல் விதி எழுதப்பட வேண்டியது அங்கேதான்: 18 வயதுக்குட்பட்டவர்களை மருத்துவரைத் தவிர வேறு யாரும் எடை பார்க்கக் கூடாது என்று.